சாமி திரும்பியது, ராஜா திரும்பவில்லை: வேலூர் கோட்டையை எப்படிப் பார்ப்பது?

வேலூர்க்காரர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் ஒரு பட்டியலை ஒப்பிப்பார்கள். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். பட்டியல் இன்னும் கொஞ்சம் நீளும். பெண்களைச் சீண்டும் வரி ஒன்றும் அதில் உண்டு. அதை இங்கே விட்டுவிடலாம்.

சொந்த ஊரையே கிண்டல் செய்யும் இந்தப் பேச்சில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. கோட்டைக்குள் பல ஆண்டுகள் காவலர் பயிற்சிப் பள்ளி நடந்தது. காக்கிச் சட்டை இருக்கும், கேஸ் போட முடியாது. அதனால் அதிகாரம் இல்லாத போலீஸ். ஆற்றில் தண்ணீர் இல்லை என்பதற்கு விளக்கம் தேவையில்லை, பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் போதும்.

பட்டியலில் ஒன்று மட்டும் இப்போது செல்லாது. 1981 மார்ச் 16-ம் தேதி, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்துவிட்டது. அதுவும் லாரியில்.

கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அகழி, கோபுரம், மியூசியம், நாலு செல்ஃபி என்று ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். ஆனால், இந்த மதிலுக்குள் இருக்கும் பல கட்டடங்கள் ஒரு காலத்தில் காலி செய்யப்பட்ட கட்டடங்கள். காலியான இடத்துக்கு யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை, யாரை இன்னும் விடவில்லை என்று பார்த்துக்கொண்டே நடந்தால் கோட்டை வேறு மாதிரி தெரியும்.

யார் கட்டியது?

விஜயநகர அரசின் கீழ் இந்தப் பகுதியை ஆண்ட நாயக்கர்கள், 16-ம் நூற்றாண்டில். அவர்களில் பெயர் பெற்றவர் சின்ன பொம்மு நாயக்கர். ஆரணி அருகே அடையபலத்தில் பிறந்த சைவ அறிஞர் அப்பய்ய தீட்சிதரை ஆதரித்தவர் இவர்தான். சுமார் 133 ஏக்கர் பரப்பு, இரட்டை மதில், சுற்றிலும் அகழி. அகழிக்குச் சூரியகுண்டம் என்ற நீர்நிலையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்ததாக ஊரில் சொல்வார்கள். பத்தாயிரம் முதலைக்கு யார் சாப்பாடு போட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பிரபலமான கதை சுரங்கப்பாதை. கோட்டையிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விரிஞ்சிபுரம் வரை ரகசிய வழி இருக்கிறது, ராஜா குடும்பம் தப்பிப்பதற்காக வெட்டியது என்பார்கள். தொல்லியல் துறை தேடிப் பார்த்தது, அப்படி ஒன்றுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பாதை இருந்திருந்தால் 1614-ல் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு தெற்கே நகர்ந்துகொண்டே வந்த விஜயநகர அரசுக்கு, வேங்கடபதி ராயர் காலத்தில் வேலூர் தலைநகரானது. 1614-ல் அவர் இறந்தார். அடுத்துப் பட்டமேறிய ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தையும் ஜக்க ராயன் என்ற பிரபுவின் கூட்டம் கொன்றது. தப்பிய ஒரு மகனுக்காக நடந்த உள்நாட்டுப் போர் திருச்சி அருகே தோப்பூர் வரை போய் முடிந்தது.

அதன்பின் கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. 17-ம் நூற்றாண்டின் நடுவில் பீஜாப்பூர் சுல்தான் படை. 1678-ல், ஓராண்டுக்கும் மேலான முற்றுகைக்குப் பிறகு, மராட்டியர்கள். பிறகு முகலாயத் தளபதி தாவூத் கான், ஆற்காடு நவாபின் உறவினர்கள், கடைசியில் கிழக்கிந்திய கம்பெனி.

சாமி எப்படிக் காணாமல் போனது?

கோபுர வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் கல்யாண மண்டபம். அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் இதுதான். முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் யாளிகளும் தூண்களை விட்டு வெளியே வந்துவிடும்போல இருக்கும். ஒரு தூணில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டிருக்கும். இடது பக்க உடம்பைக் கையால் மறைத்தால் ஒன்று, வலது பக்கத்தை மறைத்தால் இன்னொன்று. பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால், “எத பாத்த தம்பி, மாடா, யானையா?” என்று கேட்காமல் போகமாட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையின் நடுவில் தாமரை. அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள்.

இந்த மண்டபத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் இதன் அழகில் மயங்கி, கல் கல்லாகப் பிரித்து இங்கிலாந்துக்கு எடுத்துப்போக நினைத்தார்களாம். அதை ஏற்ற வேண்டிய கப்பல் வழியில் மூழ்கியதால் திட்டம் கைவிடப்பட்டதாம். கதை உண்மையோ இல்லையோ, அது சொல்லப்பட்ட காலத்தில் இந்தக் கோயில் கோயிலாக இல்லை. படைகள் தங்கிய கோட்டையில் இது ஆயுதக் கிடங்கு. கருவறையில் லிங்கம் இல்லை.

லிங்கத்தை யார், எந்த ஆண்டு எடுத்துப்போனார்கள் என்பதில் ஊருக்குள் பல பேச்சு இருக்கிறது. படையெடுப்பு நேரத்தில் பாதுகாப்புக்காகக் கொண்டுபோனார்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் அதிக தூரமில்லை. இன்று நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் சத்துவாச்சாரிதான். அங்கே ஒரு பிள்ளையார் கோயிலில் அது இருந்தது. கருவறை இங்கே, லிங்கம் சில கிலோமீட்டர் தள்ளி அங்கே. இப்படியே தலைமுறைகள் போயின.

‘400 ஆண்டுகள் சாமி இல்லாத கோயில்’ என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு: வேங்கடபதி ராயரும் அவர் வாரிசுகளும் இங்கிருந்து ஆண்டபோது கோயில் நடந்திருக்கும். பீஜாப்பூர் படை வந்த பிறகுதான் பூஜை நின்றது என்று எடுத்துக்கொண்டால் 330 ஆண்டுச் சொச்சம்தான் வருகிறது. அதுவும் குறைவில்லை. அதற்குள் விஜயநகரம், பீஜாப்பூர், மராட்டியம், முகலாயம், ஆற்காடு, மைசூர், கம்பெனி எல்லாமே வரலாற்றுப் புத்தகத்துக்குள் போய்விட்டன.

1981-ல் என்ன நடந்தது?

சுதந்திரத்துக்குப் பிறகு கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் கையில் இருந்தது. கோயிலில் மறுபடி பூஜை நடக்க வேண்டும் என்று ஊரில் பலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். துறையின் பதில் ஒன்றுதான்: இது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், பாதுகாப்பில் எடுத்தபோது இங்கே வழிபாடு இல்லை, புதிதாகத் தொடங்க முடியாது.

மனு கொடுத்து அலுத்துப்போனவர்கள் வேறு வழி பார்த்தார்கள். மயிலை குருஜி சுந்தரராம சுவாமிகள் முன்னின்றார். அப்போதைய மாவட்ட ஆட்சியர் கங்கப்பா அதற்குத் துணையாக இருந்தார் என்பதை வேலூரில் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். மார்ச் 16 அன்று, சத்துவாச்சாரியிலிருந்த லிங்கத்தை மூடிய லாரியில் ஏற்றி, வெளியே அதிகம் தெரியாமல் கோட்டைக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். செய்தி பரவுவதற்குள் வேலை முடிந்திருந்தது. பரவியதும் கூட்டம் கோட்டைக்குள் குவிந்தது. தொல்லியல் துறை எதிர்த்தது. ஆனால், ஆயிரக்கணக்கானவர்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகு லிங்கத்தைத் திரும்ப லாரியில் ஏற்றுங்கள் என்று யாரும் உத்தரவு போட முடியவில்லை.

இன்று அங்கே தினமும் பூஜை நடக்கிறது. அம்பாள் அகிலாண்டேஸ்வரி. சாயங்காலம் போனால் வேலூர்க்காரர்களுக்குச் சமமாக வங்காளம் பேசுகிறவர்களும் வரிசையில் இருப்பார்கள். கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சி.எம்.சி. மருத்துவமனை. கொல்கத்தா, வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தோ நோயாளிகளை அழைத்து வருகிறவர்கள், ரிப்போர்ட் வரும்வரை லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருக்க முடியாமல் இங்கே வந்துவிடுகிறார்கள். கோட்டைப் புல்வெளியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் டூரிஸ்ட்டுகள் இல்லை.

அப்படியென்றால் மசூதி?

இதே மதிலுக்குள் ஒரு மசூதியும் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் நடுவில், ஆற்காடு நவாப் காலத்தில் கட்டப்பட்டது. அங்கே தொழுகை இல்லை. அனுமதி கேட்டு முஸ்லிம் அமைப்புகள் பலமுறை போராடியிருக்கின்றன, கிடைக்கவில்லை. அதே மதிலுக்குள் 1846-ல் கம்பெனிப் படையினருக்காகக் கட்டப்பட்ட புனித ஜான் தேவாலயத்தில் ஆராதனை தொடர்கிறது.

ஒரே கோட்டை, ஒரே துறை. மூன்று வழிபாட்டு இடங்களுக்கு மூன்று நிலைமை. ஏன்?

நினைவுச் சின்னங்களுக்கான சட்டம் 1958-ல் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னம் வழிபாட்டுத் தலமாக இருந்தால், அதன் தன்மைக்குப் பொருந்தாத எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. 1959-ல் வந்த விதிகள், சின்னங்களுக்குள் அனுமதியில்லாமல் கூட்டமோ விருந்தோ நடத்தக் கூடாது என்கின்றன; ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட மத வழக்கப்படி நடப்பதற்கு மட்டும் விலக்கு. இதை வைத்துத் துறை கடைப்பிடிக்கும் நடைமுறை எளிமையானது. பாதுகாப்பில் எடுத்த அன்று அங்கே வழிபாடு நடந்துகொண்டிருந்ததா? ஆம் என்றால் தொடரலாம். இல்லையென்றால் இல்லைதான்.

தஞ்சைப் பெரிய கோயிலும் இதே துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது, பூஜை நடக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் இதே துறைதான், பூஜை இல்லை. துறையின் பேச்சில் முதலாவது உயிருள்ள சின்னம், இரண்டாவது அப்படி இல்லை. வேலூர்த் தேவாலயம் தஞ்சாவூர் கணக்கில் வருகிறது. மசூதி மாமல்லபுரம் கணக்கில். ஜலகண்டேஸ்வரர் கோயில் மாமல்லபுரம் கணக்கில் இருந்து, ஒரே நாளில் தஞ்சாவூர் கணக்குக்குத் தாவிவிட்டது.

துறையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வழிபாடு தொடங்கினால் அதோடு விளக்குக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். டியூப் லைட்டுக்காகச் சுவரில் ஆணி, தகரப் பந்தல், பெயின்ட் எல்லாம் பின்னாலேயே வரும். நானூறு வருஷத்துக் கல்லுக்கு இதெல்லாம் நல்லதில்லை. ஆனால் ‘அன்றைக்கு யார் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்’ என்று மட்டும் கேட்கும் விதி, அவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பதில்லை. படை வந்து துரத்தியதால் காலியான கோயிலுக்கும், ஆட்சி மாறியதால் ஆள் வராமல் போன மசூதிக்கும் அது ஒரே முத்திரையைக் குத்துகிறது. அந்த முத்திரையைக் கோயில் தரப்பு உடைத்தது, ஊர் அதை ஏற்றுக்கொண்டது. மசூதியைக் கேட்பவர்களிடம் மட்டும் விதிப் புத்தகத்தை எடுத்து நீட்டுவதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை.

ஒரு துணைத் தகவல், கோட்டைப் பக்கம் வீடோ கடையோ வாங்க நினைப்பவர்களுக்கு: 2010-ல் வந்த திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். பத்திரம் பண்ணுவதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது.

திப்பு மகாலில் திப்பு இருந்தாரா?

இல்லை. ஹைதர் மகாலில் ஹைதரும் இல்லை. 1780-ல் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலூரை முற்றுகையிட்டும் ஹைதர் அலியால் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியாமல் போன கோட்டைக்குள் அவர் பெயரில் ஒரு மாளிகை நிற்கிறது. காரணம், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு கொல்லப்பட்ட பிறகு அவர் பிள்ளைகளையும் அரண்மனைப் பெண்களையும் கம்பெனி இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தது. மகால் என்று பெயர் இருந்தாலும் அவர்களுக்கு அது ஜெயில்தான்.

அந்த ஜெயிலைச் சுற்றி 1806 ஜூலை 10 அன்று நடந்ததைப் பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள்: வேலூர் சிப்பாய்ப் புரட்சி, 1857-க்கு 51 ஆண்டுகள் முன்னால். மார்க்குக்காகப் படித்ததில் ஒரு விவரம் பலருக்கு மறந்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். பிரச்சினையைக் கிளப்பியது ஒரு தோல் துண்டு.

சென்னைப் படைத் தலைவர் ஜான் கிராடக், சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை கொண்டுவந்தார். வெள்ளைக்காரத் தொப்பி மாதிரி இருந்த அதில் தோலால் ஆன ஒரு குஞ்சம் வைத்திருந்தது. அது மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்று யாருக்குத் தெரியும்? கூடவே நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. இந்து சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒரே நேரத்தில் காயப்படுத்த இதைவிடச் சுருக்கமான உத்தரவு எழுத முடியாது. மே மாதமே எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது.

ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குத் திருமணம். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யார் எதற்கு வந்தார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு முன் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட் இறந்தார். 69-வது ரெஜிமென்ட்டின் ஆங்கிலேயச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பொழுது விடிந்தபோது கோட்டையில் மைசூர்க் கொடி பறந்தது. ஆனால், கதவைச் சாத்திவிட்டு அடுத்து என்ன செய்வது என்ற திட்டம் இல்லை. வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி குதிரையில் ஆற்காட்டுக்குப் பறந்தார். அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். மாளிகைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, வெள்ளைக்காரர்கள் பந்தாடும் சுவர் ஓரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்பது பொதுவான கணக்கு.

விசாரணைக்குப் பிறகு தலைப்பாகை உத்தரவு ரத்து. கிராடக்கும் கவர்னர் வில்லியம் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். திப்புவின் பிள்ளைகள் இனி தெற்கே இருக்கவே கூடாது என்று முடிவாகி, கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கொல்கத்தா தர்மதலாவில் இருக்கும் திப்பு சுல்தான் மசூதி, அப்படிப் போனவர்களில் ஒருவரான குலாம் முகமது 1842-ல் கட்டியது. கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் கொல்கத்தாக்காரர்களில் சிலர் அந்த மசூதியைத் தினமும் தாண்டிப் போகிறவர்களாக இருக்கலாம்.

போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. கோட்டைக்குக் கிழக்கே தோட்டப்பாளையத்தில் திப்பு குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. ஹைதரின் மனைவி பக்‌ஷி பேகம் அங்கேதான் இருக்கிறார். கோட்டைக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போவதில்லை. சிப்பாய்களுக்கான நினைவுத் தூண் மக்கான் சிக்னல் பக்கம் நிற்கிறது. தினமும் ஆட்டோவில் அதைச் சுற்றிப் போகிறவர்களுக்கு அது ஒரு திருப்பத்தின் அடையாளம். ஜூலை 10 அன்று மட்டும் மாலை போடுகிறார்கள்.

கண்டி ராஜா வேலூருக்கு ஏன் வந்தார்?

கோட்டைக்குள் ‘கண்டி மகால்’ என்ற பெயரைப் பார்த்ததும் பலர் குழம்புவார்கள். இலங்கையின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பேரில் வந்தது அது. பிறந்தபோது பெயர் கண்ணுசாமி. மதுரையிலிருந்து போன நாயக்கர் வம்சம். 1815-ல் கண்டியின் பிரபுக்கள் சிலரே ஆங்கிலேயரோடு சேர்ந்துகொள்ள, ராஜா பிடிபட்டார். அந்த ஆண்டு மார்ச் 2 அன்று கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தோடு இலங்கை முழுவதும் பிரிட்டிஷ் கைக்குப் போனது. ராஜாவைக் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்து வேலூரில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார்.

அவர் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. 1990-ல் தமிழக அரசு அதற்கு மேல் முத்து மண்டபம் கட்டியது. காட்பாடிக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம். உள்ளே பிரமாதமான சிற்பம் எதுவும் இல்லை, எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் இலங்கையிலிருந்து வருகிறவர்கள், சிங்களர் தமிழர் இரு தரப்பும், தேடிப்பிடித்து வந்து நிற்கும் இடம் இது. அவருடைய சிம்மாசனத்தையும் ஆங்கிலேயர்கள் லண்டனுக்கு எடுத்துப்போயிருந்தார்கள். 1934-ல் அதை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாற்காலி வீட்டுக்குப் போய்விட்டது, உட்கார்ந்தவர் இங்கேயே இருக்கிறார்.

ஒரு நாளில் எதையெல்லாம் பார்க்க முடியும்?

கோட்டைக்கு அரை நாள் வேண்டும். காலையில் வெயிலுக்கு முன்னால் மதில் மேல் ஒரு நடை, பிறகு கோயில், பிறகு மகால்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாற வேண்டாம். சென்னை, பெங்களூருவிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குக் காட்பாடி ஜங்ஷன். அங்கிருந்து டவுன் பஸ் எப்போதும் உண்டு.

மீதி அரை நாள், நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அணைக்கட்டு, ஊசூர் பக்கத்திலிருந்து வந்தால் வழியிலேயே அரியூரை ஒட்டி ஸ்ரீபுரம் பொற்கோயில். 2007-ல் திறந்தது, சுமார் 1,500 கிலோ தங்கம் என்கிறார்கள். நட்சத்திர வடிவப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு நடந்துதான் தங்கத்தைப் பார்க்க முடியும். காசு, கூட்டம், பளபளப்பு எல்லாம் அங்கேதான். கோட்டைக் கோயிலின் காளை-யானைக்கு முன்னால் நின்றுவிட்டு இங்கே வந்தால், தங்கம் கொஞ்சம் அதிகமாகப் பேசுவதுபோல் தோன்றலாம்; அம்மாவோடும் பாட்டியோடும் போகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

அணைக்கட்டுப் பக்கம் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை: சந்தையில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைத்தால் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பில் நிஜமாகவே முள் இருக்கும், பையில் கைவிடும்போது கவனம்.

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து நெடுஞ்சாலையில் வந்தால் கணக்கு வேறு. பிரியாணியை முடித்துக்கொண்டு கிளம்பினால் முதலில் பள்ளிகொண்டா, பாலாற்றங்கரையில் படுத்திருக்கும் உத்திர ரங்கநாதர். அடுத்து விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர், அந்தச் சுரங்கக் கதை முடியும் ஊர். ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று சொல்வது சும்மா இல்லை. ஊருக்குள் நுழையும்போதே மதில்தான் முதலில் தெரியும். பெயரிலேயே வழித்துணை இருப்பதால் லாரி டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டிக் கும்பிட்டுவிட்டுப் போவதுண்டு. கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறு நள்ளிரவில், குழந்தை வரம் வேண்டி சிம்ம தீர்த்தத்தில் குளிக்க வரும் பெண்களால் ஊரே நிரம்பிவிடும். அந்த வார இறுதியில் சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வேறு தேதி பார்ப்பது நல்லது.

அந்தக் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரை வட்டத்தில் எண்கள் செதுக்கியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. சுற்றி நிற்பவர்கள் உடனே போனை எடுத்துச் சரியா என்று பார்ப்பார்கள். மேகம் மூடியிருந்தால் வேலை செய்யாது, எனவே வெயில் இருக்கும்போதே போய்விடுங்கள்.